ரப்பருக்கு ஓர் உரைகல்



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்குப் போனவர்களுக்கு அங்குள்ள நெரிசல் தெரியும். இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர்பெற்ற வீதி அது. ஒரு பக்கம் துணிக்கடைகள், ஒரு பக்கம் நகைக்கடைகள். ரவாங், காஜாங், கிள்ளான், பந்திங் என்று பல வட்டாரத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே சேலை எடுத்ததும், சீட்டுப் பணம் விழுந்த மாதத்தில் மகளுக்கு ஒரு பவுன் சங்கிலி வாங்கியதும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் பேசப்படும் செய்திகள்.

நகைக்கடையில் நம் தாய்மார்கள் செய்கின்ற முதல் காரியம் என்ன? சங்கிலியின் கொக்கியைத் திருப்பி, 916 என்ற எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். 22 காரட் என்று நாம் சொல்வதும் அதுவே. இந்த எண் பழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, பொற்கொல்லர் நகையை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்து மாற்றுச் சொன்னார். அவர் கண் நல்ல கண்ணாக இருந்தால் சரி. அவர் மனமும் நல்ல மனமாக இருக்க வேண்டும்! எண் வந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மூன்று இலக்கத்தை அடையாளம் கண்டு கொண்டு, கடைக்காரரோடு சமமாக நின்று பேச முடிந்தது.

சரி, அதே பாட்டி விடியற்காலையில் வெட்டி எடுத்த ரப்பர் பாலுக்கு உரைகல் எது? அந்தப் பால் ரப்பராகிக் கப்பல் ஏறி, அயல்நாட்டு டயர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் மாற்றைச் சொன்னது யார்? நீண்ட காலம் அதைச் சொன்னதும் ஒருவருடைய கண்தான். அந்தக் கண்ணின் இடத்தில் கருவியையும் எண்ணையும் வைத்த கதையைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அரசாங்கமும் ஆராய்ச்சிக்கூடமும் ஒரு தொழிலுக்குக் கைகொடுத்து, அதன் அளவுச் சிக்கலைத் தீர்த்த கதை இது. நம் நாட்டில், நம் கையால் எடுத்த பொருளில் நடந்தது.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877-இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல், நாள்தோறும் மெல்லிய பட்டையைச் சீவிப் பால் எடுக்கலாம் என்று காட்டியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. பிறகு நடந்தது நம் முன்னோரின் வரலாறு. தென்னாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் காட்டை அழித்தார்கள், கன்று நட்டார்கள், பால் வெட்டினார்கள்.

பாலை எடுத்து வந்து தொட்டியில் ஊற்றி, நீர் கலந்து, காடி சேர்த்து உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் சில நாள்கள் தொங்கவிடுவார்கள். காய்ந்து தேன்நிறம் ஏறிய ஷீட்டுகள் பிறகு தரம்பிரிக்கும் மேசைக்கு வரும். அங்கே பெரும்பாலும் பெண்கள் வேலை செய்தார்கள். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். குமிழி இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, நிறம் ஒரே சீராக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். கெட்ட இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார்கள். நன்றாக இருப்பது ஒன்றாம் தரம். அடுத்தது இரண்டாம் தரம். இப்படி ஐந்து தரம் வரை உண்டு. எந்த ஷீட் எந்தத் தரத்தில் சேரும் என்று விளக்குவதற்கு உலக வணிகர்கள் ஒரு நூலை வைத்திருந்தார்கள். அட்டையின் நிறத்தால் அதற்குப் பச்சைப் புத்தகம் என்றே பெயர் வழங்கியது. கூடவே மாதிரி ஷீட்டுகளும் இருந்தன. வாங்குகிறவர் மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பெண்களின் கண்கள் கூர்மையானவை. அவர்கள் வேலையில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். டயர் செய்கிறவருக்குத் தேவையான செய்தி எதுவும் ஷீட்டின் மேற்பரப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த ரப்பர் எவ்வளவு கெட்டியானது? கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் எத்தனை நிமிடத்தில் பதப்படும்? வெயிலிலும் சூட்டிலும் எவ்வளவு காலம் உழைக்கும்? நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒரு பொதியின் நடுவில் மண் எவ்வளவு? இவற்றைக் கண் காணாது. ஒரே ஒன்றாம் தர ஷீட்டுதான். ஒரு தோட்டத்து ரப்பர் ஒரு விதமாகவும், பக்கத்துத் தோட்டத்து ரப்பர் வேறு விதமாகவும் ஆலையில் நடந்துகொள்ளும். நிறம் கறுத்திருந்த ஒரே காரணத்தால் நல்ல ரப்பருக்கு விலை குறைந்ததும் உண்டு.

வேறு ரப்பர் இல்லாத காலத்தில் வாங்குகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் அந்தப் பொறுமைக்கு முடிவு கட்டியது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942-இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் அவர்கள் கைக்குப் போயின. சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம் மக்களின் துயரத்தை வேறு பேச்சுகளில் கேட்டிருப்பீர்கள். அதே வேளையில் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. டயர் இல்லாமல் போர் ஏது? அமெரிக்க அரசாங்கம் தன் பணத்தில் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. போட்டிபோட்டுக்கொண்டிருந்த கம்பெனிகளை ஒன்றாக உட்கார வைத்து, எல்லோரும் ஒரே பக்குவத்தில் ரப்பர் செய்ய வேண்டும் என்றது. 1945-இல் அந்த ஆலைகளின் உற்பத்தி ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது.

இங்கேதான் அளவின் கதை தொடங்குகிறது. பல ஆலைகளில் செய்யப்படும் ஒரு பொருள் ஒன்றுபோல் இருக்க வேண்டுமானால், அதை எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி ஏற்கனவே இருந்தது. மெல்வின் மூனி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1930களில் அமைத்தது. கேழ்வரகுக் களி கிண்டுகிற தாய்மார்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். களி இளகலாக இருந்தால் அகப்பை சுலபமாகச் சுற்றும்; இறுகிவிட்டால் கை வலிக்கும். மூனியின் கருவியில் சூடான ரப்பருக்குள் ஒரு சிறிய உலோகத் தட்டு மெல்லச் சுழலும். அதைச் சுழற்ற எவ்வளவு முறுக்கு வேண்டியிருக்கிறது என்பதைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும். எண் கூடினால் ரப்பர் கெட்டி, குறைந்தால் இளகல்.

போர் முடிந்து, 1955-இல் அமெரிக்க அரசாங்கம் அந்த ஆலைகளைத் தனியாருக்கு விற்றது. செயற்கை ரப்பர் இப்போது சந்தையில் நமக்குப் போட்டியாக நின்றது. அது டயர் ஆலைக்குப் போகும்போது, கெட்டித்தன்மை இவ்வளவு, சாம்பல் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று எழுதிய தாளோடு போனது. சிறிய பொட்டலங்களாக, சுத்தமாகக் கட்டப்பட்டுப் போனது. நம் ரப்பரோ ஒட்டாமல் இருக்க வெளியே மாவு பூசிய பெரிய பொதியாக, கண்ணால் போட்ட தரத்தோடு போனது. சமையல்காரர் ஒருவரிடம் ஒரு கடை எடை போட்ட மாவைத் தருகிறது. இன்னொரு கடை, பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்று கையால் அள்ளித் தருகிறது. நூறு பேருக்குச் சமைக்க வேண்டியவர் யாரிடம் போவார்?

ஆபத்து நம் வாசலுக்கு வந்துவிட்டது. மலாயாவின் வருவாயில் பெரும்பங்கு ரப்பரிலிருந்து வந்த காலம் அது. ரப்பர் விலை விழுந்தால் தோட்டத்தில் முதலில் அடிபடுவது பால்வெட்டுக்காரரின் சம்பளம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வருகிறது. 1925-இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கில் அதன் தலைமையகம். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து அதிக தூரமில்லை. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம். இதை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏற்றுமதியாகும் ரப்பரின் ஒவ்வொரு ராத்தலுக்கும் ஒரு சிறு தீர்வை வசூலித்தார்கள். செஸ் என்று அதற்குப் பெயர். ஆகவே நாம் வெட்டிய பாலில் ஒவ்வொரு மங்கிலிருந்தும் ஒரு துளி அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது என்று சொன்னால் மிகையாகாது. தனி ஒரு தோட்டமோ, ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரோ செய்ய முடியாத ஆராய்ச்சியை எல்லோருடைய சிறு பணத்தையும் சேர்த்து அரசாங்கம் செய்ய வைத்தது.

முதல் முயற்சி போருக்குப் பின் வந்தது. ஷீட் ரப்பரைக் கண்ணால் தரம்பிரித்த பிறகு, அது பதப்படும் வேகத்தையும் சோதித்து, பொதியின்மேல் ஒரு வட்டம் போட்டார்கள். வேகமாகப் பதப்படுவதற்கு நீல வட்டம், நடுத்தரத்துக்கு மஞ்சள், மெதுவானதற்குச் சிவப்பு. நல்ல முயற்சிதான். ஆனாலும் அடிப்படையில் ரப்பர் கண்ணால் மதிப்பிடப்படும் ஷீட்டாகவே இருந்தது. பாதிக் கிணறு தாண்டியது போல ஆயிற்று.

முழுக் கிணற்றையும் தாண்டியது 1965-ஆம் ஆண்டில். அந்த ஆண்டில்தான் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டம் வந்தது. எஸ்.எம்.ஆர். என்று ஆலைகளில் வழங்கும் பெயர் இதுவே. அதன் கொள்கை எளியது: நிறத்தைப் பார்த்து விலை சொல்லாதே, உள்ளே இருப்பதை அளந்து எழுதிக்கொடு.

என்னவெல்லாம் அளந்தார்கள் என்று பார்ப்போம். முதலாவது அழுக்கு. பத்துக் கிராம் ரப்பரை எடுத்து, டர்பன்டைன் போன்ற எண்ணெயில் சூடாக்கிக் கரைப்பார்கள். கரைந்ததை மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டுவார்கள். அதன் கண் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்து அதில் 44 பங்கு அகலமே உடையது. சல்லடையில் தங்கிய மண்ணையும் பட்டைத்தூளையும் காயவைத்து நிறுப்பார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்ற தரத்தில் அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பத்துக் கிராமில் அது ஐந்து மில்லிகிராம். ஒரு பவுன் எட்டுக் கிராம் அல்லவா? அதை 1,600 துண்டாக்கினால் ஒரு துண்டு ஐந்து மில்லிகிராம். அவ்வளவு சிறிய மண்ணைத்தான் நிறுத்தார்கள். 5, 10, 20 என்று தரங்களின் பெயரிலுள்ள எண்ணே இந்த அழுக்கின் அளவிலிருந்து வந்தது. பிற்காலத்தில் 10-க்கும் 20-க்கும் உரிய உச்சவரம்பை 0.08, 0.16 என்று இன்னும் இறுக்கினார்கள். பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, மூப்புத் தாங்கும் திறன். ஒரு சிறு துண்டு ரப்பரின் இளக்கத்தை அளப்பார்கள். இன்னொரு துண்டை 140 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து மறுபடி அளப்பார்கள். சூடுபட்ட பிறகு பழைய தன்மையில் நூற்றுக்கு எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. பி.ஆர்.ஐ. என்று அதற்குப் பெயர். எஸ்.எம்.ஆர். 5 தரத்துக்கு அது 60-க்குக் குறையக் கூடாது. மூன்றாவது, எரித்தால் மிஞ்சும் சாம்பல். நான்காவது, ஈரம். ஐந்தாவது, நைட்ரஜன். புரதம் எவ்வளவு இருக்கிறது, மட்டமான ரப்பர் கலந்திருக்கிறதா என்பதை நைட்ரஜன் காட்டிக்கொடுக்கும்.

இப்படி அளக்க வேண்டுமானால் பொருளும் அளப்பதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஷீட் வேண்டாம், தூளாக்கினால் விரைவில் காயும், ஒன்றாகக் கலக்கும் என்று கண்டார்கள். உறைந்த ரப்பரைத் தூளாக்குவது எப்படி? இழுத்தால் நீள்வது அல்லவா ரப்பர்! ஆராய்ச்சிக் கழகம் கண்ட வழி நம்மைச் சிரிக்க வைக்கும். சிறுவயதில் மூக்கைப் பிடித்து நம் வாயில் ஊற்றினார்களே, அந்த விளக்கெண்ணெய்தான்! மிகச் சிறிதளவு விளக்கெண்ணெயைச் சேர்த்து உருளையில் கொடுத்தபோது ரப்பர் ரவை ரவையாக உதிர்ந்தது. புகைக்கூடத்தில் சில நாள்கள் எடுத்தது, சூடான காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்தது. அதை அழுத்தி, 33⅓ கிலோ எடையுள்ள கட்டியாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். முப்பது கட்டி சேர்ந்தால் சரியாக ஒரு டன். ஆலையில் தாளோடு அரைவை இயந்திரத்தில் போட்டுவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் வெகுநாள் தொல்லை கொடுத்தது. நம் துறைமுகத்தில் ஏற்றும்போது ரப்பரின் கெட்டித்தன்மை ஓர் எண்ணாக இருக்கும். பல வாரம் கடலில் போய் அமெரிக்காவில் இறக்கி அளந்தால் எண் கூடியிருக்கும். விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. கப்பலின் கிடங்கிலேயே ரப்பர் தானாக இறுகிக்கொண்டிருந்தது! அளந்த எண் வழியிலேயே மாறிவிடுமானால் அந்த எண்ணை நம்பி யார் வாங்குவார்கள்? ஆலைக்காரர் அந்த ரப்பரை மறுபடி அரைத்து இளக்க மின்சாரமும் நேரமும் செலவழிக்க வேண்டியிருந்தது.

இதற்கு விடைகண்டவர்களில் முதன்மையானவர் டாக்டர் பி. சி. சேகர். 1929-இல் சிலாங்கூரில் பிறந்தவர். மலையாளக் குடும்பத்தின் பிள்ளை. ஆராய்ச்சிக் கழகத்தில் இளைஞராகச் சேர்ந்து, 1966-இல் அதன் முதல் ஆசிய இயக்குநர் ஆனார். 1973-இல் ரமோன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. 2006-இல் மறைந்தார். ரப்பர் இறுகுவதற்குக் காரணம் அதன் நீண்ட இழைகளில் ஆங்காங்கே உள்ள சில வேதிக் கண்ணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே என்று தெரிந்தது. பால் உறையும் முன்பே ஹைட்ராக்சிலமின் என்ற பொருளை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சேர்த்தால் அந்தக் கண்ணிகள் அடைபட்டு, பின்னல் நின்றுவிடுகிறது. இப்படிப் பிறந்ததுதான் நிலையான கெட்டித்தன்மை உள்ள சி.வி. ரப்பர். அதன் மூனி எண் 60 என்றால், ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு அப்பால் போகாது. துறைமுகத்தில் அளந்ததும் அக்கரையில் அளந்ததும் ஒத்துப்போயின. ஓர் அளவுச் சிக்கலைத் தீர்க்கப் போய், உலகச் சந்தைக்கு ஒரு புதிய பொருளே கிடைத்தது.

அளக்கும் கருவி இருந்தால் போதுமா? அளக்கிறவரை யார் அளப்பது? ஒரே ரப்பரை இரண்டு ஆய்வகங்கள் சோதித்து இரண்டு எண் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். ஆகையால் எந்தக் கட்டியிலிருந்து மாதிரி எடுப்பது என்பதற்கும் விதி போட்டார்கள். பத்துக் கட்டிக்கு ஒன்று. அதிலும் எதிரெதிர் மூலைகள் இரண்டில் வெட்ட வேண்டும். வெட்டியதை உருளையில் பலமுறை கொடுத்து ஒன்றாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வகங்களுக்குக் கழகம் ஒரே ரப்பரின் துண்டுகளை அனுப்பி, எல்லோரும் ஒரே விடை சொல்கிறார்களா என்று பார்த்தது. வகுப்பில் ஆசிரியர் ஒரே கணக்கைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சோதிப்பதுபோலத்தான். தவறியவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

பெரிய தோட்டங்கள் சொந்த ஆலை வைத்துக்கொண்டன. சிறுதோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக 1960களின் பிற்பகுதியில் மார்டெக் என்ற அரசு நிறுவனம் அமைந்தது. அவர்களிடமிருந்து பாலையும் கட்டிப்பாலையும் வாங்கி, பொது ஆலைகளில் எஸ்.எம்.ஆர். ஆக்கி விற்றது. அதன் பிறகு இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளும் இதே வழியில் தத்தம் பெயரில் எண்ணிட்ட ரப்பரைக் கொண்டுவந்தன. உலகத் தர நிர்ணய நிறுவனமும் இதற்கென ஒரு விதிமுறையை வகுத்தது. இன்று மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் ரப்பரில் மிகப் பெரும்பகுதி எஸ்.எம்.ஆர். ஆகவே போகிறது. ஆராய்ச்சிக் கழகம் 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதியாயிற்று. சுங்கை பூலோ சோதனைத் தோட்டத்தின் பெருநிலம் குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரமாக மாறி வருகிறது.

இதில் நம் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. மங்கில் தானாக உறைந்த கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பால் ஆகியவற்றைப் பழைய நாளில் யாரும் மதிக்கவில்லை. கறுப்பு, நாற்றம் என்று கடைசித் தரத்தில் தள்ளினார்கள். சாக்கில் கட்டி அதைச் சுமந்தவர்களுக்கு அதன் விலை எவ்வளவு குறைவு என்பது தெரியும். கருவி வந்து அளந்தபோது, நன்றாகக் கழுவி மண்ணை நீக்கினால் அதுவும் நல்ல ரப்பர் என்று தெரிந்தது. இன்று டயர் ஆலைகள் மிகுதியாகக் கேட்டு வாங்கும் எஸ்.எம்.ஆர். 10, எஸ்.எம்.ஆர். 20 ஆகியவை பெரும்பாலும் கட்டிப்பாலிலிருந்து செய்யப்படுபவை. கண் நிறத்தைப் பார்த்துத் தள்ளியதைக் கருவி குணத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது.

இதே பாடம் பின்னொரு முறையும் உதவியது. 1980களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது ரப்பர்க் கையுறைக்கு உலகெங்கும் தேவை பெருகியது. கிள்ளான் வட்டாரத்திலும் பல கையுறை ஆலைகள் எழுந்தன. அதன்பின் மேல்நாட்டு மருத்துவமனைகளில் சில தாதியருக்கு ரப்பர்ப் பாலிலுள்ள புரதத்தால் ஒவ்வாமை வருவதாகப் புகார் கிளம்பியது. கையுறையிலிருந்து கரைந்து வரும் புரதம் மைக்ரோகிராம் கணக்கில் உள்ளது. அதை எப்படி அளப்பது? ஆராய்ச்சியாளர்கள் சோதனை முறையைச் செம்மைப்படுத்தினார்கள். ரப்பர் வாரியம் கையுறைக்கும் தரப்படுத்தப்பட்ட மலேசியக் கையுறை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அளக்கத் தெரிந்த பிறகே ஆலைக்காரர்களுக்கு எவ்வளவு கழுவ வேண்டும், எங்கே கழுவ வேண்டும் என்பது தெரிந்தது.

ரப்பரோடு இது நின்றுவிடவில்லை. 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு ராத்தலும் கட்டியும் பிக்குலும் மெல்லப் போய், கிலோவும் மீட்டரும் வந்தன. மஸ்ஜித் இந்தியாவில் கெஜக்கோலால் அளந்த துணியை மீட்டர்கோலால் அளக்கத் தொடங்கினார்கள். கடைத் தராசை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். 1975-இல் இரண்டு அரசு நிறுவனங்களை இணைத்து சிரிம் உருவாயிற்று. சிறு ஆலைகளின் கருவிகளைச் சரிபார்ப்பதும் பொருள்களைச் சோதித்துத் தருவதும் அதன் பணிகள். நாட்டின் மூல எடைகளும் அளவுகளும் சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகத்தில் பேணப்படுகின்றன. நகைக்கடைத் தராசின் நம்பகம் படிப்படியாக ஏறி அங்கே போய் நிற்கிறது.

நேயர்களே, பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போனால் நாம் பாதிக் கதை சொன்னவர்கள் ஆவோம். எஸ்.எம்.ஆர். வந்ததும் பால் லாரியில் ஏறிப் பெரிய ஆலைகளுக்குப் போயிற்று. பல தோட்டங்களில் புகைக்கூடத்துக்கு வேலை குறைந்தது. வெளிச்சத்தில் ஷீட் பார்த்த பெண்களின் கண்களுக்கும் தேவை குறைந்தது. மங்கைத் துடைத்து வை, இலை விழாமல் பார், வாளியை மூடிக் கொண்டு வா என்று சுத்தத்தின் பொறுப்பு வெட்டுக்காரர் தலையில் கூடியது. டயர் ஆலைக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த அளவுச் சிக்கலைத் தீர்க்க விஞ்ஞானிகளும் சட்டமும் வந்தார்கள். தோட்டத்துக்கும் வெட்டுக்காரருக்கும் இடையே உள்ள அளவு என்ன ஆயிற்று?

காண்டாக்கம்பில் இரண்டு வாளியைச் சுமந்து வந்து பால் கொட்டகையில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் 18 கிலோ. அதில் ரப்பர் எவ்வளவு என்று கிராணி பார்க்க வேண்டும். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி அதிகமாக ஆழும். அது நூற்றுக்கு 33 என்று காட்டினால் காய்ந்த ரப்பர் 5.94 கிலோ. 30 என்று எழுதினால் 5.4 கிலோ. வித்தியாசம் அரைக் கிலோவுக்கு மேல்! மாதம் 25 நாள் வேலை என்றால் பதின்மூன்றரைக் கிலோ. மெட்ரோலாக்கை ஏமாற்றுவது சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். பால் சூடாக இருந்தால் ஓர் எண், ஆறினால் ஓர் எண். மேலே நுரை நின்றால் கோடு சரியாகத் தெரியாது. நீரைச் சரியான அளவில் கலக்காவிட்டால் கணக்கே மாறிவிடும். இதைவிட நம்பகமான முறையும் உண்டு. மாதிரிப் பாலைக் காடியில் உறைய வைத்து, மெல்லியதாக உருட்டி, சூட்டில் காய வைத்து, நிறுத்துக் கணக்கிடுவது. அதற்கு நேரமாகும், ஆனால் மிஞ்சும் ரப்பரைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஆகவே நாம் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அளவு என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த விதியின்படி, இரண்டு பேரும் பார்க்கும்படி நடக்கும்போதுதான் நியாயமாகிறது. ஒருவர் மட்டும் பார்த்து எழுதும் எண், எண்ணாக இருந்தாலும் பழைய கண்ணளவுதான். டயர்க் கம்பெனிகள் நம் நாட்டைப் பார்த்து, எழுதிக் காட்டு என்று கேட்டன. நாடு எழுதிக் காட்டியது; பலன் கண்டது. அதே சொல்லைப் பால் கொட்டகையில் நிற்கிறவரும் கேட்கலாம். இன்று நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறி ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். சம்பளச் சீட்டாக இருந்தாலும், ஓவர்டைம் மணிக்கணக்காக இருந்தாலும், செம்பனைக் குலையின் எடையாக இருந்தாலும் கேள்வி ஒன்றே: எதை வைத்து அளந்தீர்கள்? அந்தக் கருவியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? நானும் பார்க்கலாமா?

இந்தக் கேள்வியைச் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. மஸ்ஜித் இந்தியா நகைக்கடையில் நம் பாட்டி கேட்டதுபோலக் கேட்டால் போதும். அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. சங்கிலியைக் கையில் வாங்கி, கொக்கியைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, 916 என்ற எண்ணைத் தேடிப் பார்த்தார். பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.